உஷார்! கம்பளத்துக்கு அடியில் கமிஷன்

“அந்தப் பக்கம் போகாதீங்க, வழி அடைச்சிருக்கு. மைதானத்துக்கு இப்படித்தான் போகணும், வாங்க!”

மொராக்கோவின் மராகேஷில், பழைய நகரத்துக்குள் நுழைந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, இந்தக் குரல் உங்களைத் தேடி வந்துவிடும். சிரித்த முகம், சரளமான ஆங்கிலம், கேட்காமலேயே உதவி. உங்கள் முகத்தைப் பார்த்ததும் “இந்தியாவா? ஷாருக் கான்!” என்று ஒரு கைகுலுக்கல் வேறு. மயங்கிவிடாதீர்கள். பெரும்பாலும் வழி அடைபட்டிருக்காது. ஜெமா எல்ஃப்னா மைதானமும் அவர் காட்டும் திசையில் இருக்காது. அந்தச் சந்தின் முடிவில் இருப்பது ஒரு தோல் கடையோ, கம்பளக் கடையோ, மூலிகை எண்ணெய்க் கடையோதான்.

மொராக்கோவுக்கு 2024-ல் வந்த சுற்றுலாப் பயணிகள், வெளிநாட்டில் வாழும் மொராக்கோக்காரர்களையும் சேர்த்து, 1 கோடியே 74 லட்சம் பேர். 2030 உலகக் கோப்பைக் கால்பந்தை ஸ்பெயின், போர்ச்சுகலோடு சேர்ந்து நடத்தப்போகிற நாடு அது. கூட்டம் இன்னும் கூடும். தமிழ்க் குடும்பங்களும் இப்போது துபாய், பாரிஸ் தாண்டி அந்தப் பக்கம் போக ஆரம்பித்துவிட்டன. போகிறவர்களில் பாதிப் பேருக்கு மனதில் இருப்பது ஷாப்பிங்தான். கையால் நெய்த கம்பளம், கையால் தைத்த பாபூஷ் செருப்பு, தட்டித் தட்டி உருவாக்கிய பித்தளை விளக்கு என்று ஆசைப் பட்டியல் நீளம். ஆசையில் தப்பில்லை. மொராக்கோக் கைவினைஞர்களின் வேலை உலகத் தரம். ஆபத்து, உங்களை அந்த வேலையிடம் ‘அழைத்துப் போகிறேன்’ என்று கிளம்புகிறவரிடம் இருக்கிறது.

முதலில் இது ஒன்றை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். உங்களைக் கடைக்குள் கூட்டிப் போகிறவர் யாராக இருந்தாலும், நீங்கள் கொடுக்கும் விலையில் அவருக்கு ஒரு பங்கு போகிறது. கழுத்தில் அட்டை இல்லாத போலி கைடுக்கும் போகிறது. சுற்றுலா அமைச்சகத்தின் அட்டையைத் தொங்கவிட்டிருக்கும் அசல் கைடுக்கும் பெரும்பாலும் போகிறது. டாக்ஸி டிரைவர், ஹோட்டல் வரவேற்பாளர், தங்கும் ரியாத் விடுதியின் பணியாளர் யாரும் இதற்கு விதிவிலக்காகப் பிறந்தவர்கள் இல்லை. நூற்றுக்கு இருபது, முப்பது என்பது சர்வசாதாரணமாகப் பேசப்படும் பங்கு. அதைவிட அதிகமும் உண்டு. கடைக்காரர் இதைத் தன் லாபத்திலிருந்து கொடுப்பார் என்று நினைத்தால் உங்களைப்போல் அப்பாவி யாரும் இல்லை. உள்ளே நுழைந்த நிமிடமே கைடின் முகத்தைப் பார்த்துத்தான் விலையே ஆரம்பமாகும்.

கணக்குக்காக, தனியாகப் போனால் 1,000 திர்ஹாமுக்குக் கிடைக்கக்கூடிய ஒரு விரிப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு திர்ஹாம் நம் ஊர்ப் பணத்தில் ஒன்பது, பத்து ரூபாய். கைடோடு போனால் பேச்சே 3,000-த்தில் தொடங்கும். நீங்கள் வீராவேசமாகப் பேரம் பேசி 1,600-க்கு இறக்குவீர்கள். பாதி விலைக்கு வாங்கிவிட்டதாகப் பெருமை வேறு! அந்த 1,600-ல் நானூறு, ஐந்நூறு மாலையில் கைடு திரும்பிப் போய் வாங்கிக்கொள்வதற்கு. இதில் நெய்த பெண்ணுக்கு ஒரு சல்லி கூடுதலாகப் போகாது. அட்லஸ் மலைக் கிராமங்களில் கம்பளம் நெய்கிறவர்கள் பெண்கள்; அதைச் சந்தையில் கைமாற்றுகிறவர்கள் ஆண்கள். இடைத்தரகு ஏற ஏற, தறியில் உட்கார்ந்தவரின் பங்குதான் சுருங்குகிறது.

போலி கைடை எப்படி அடையாளம் காண்பது? அங்கே உரிமம் இல்லாமல் வழிகாட்டுவது சட்டப்படி குற்றம். மராகேஷ், ஃபெஸ் நகரங்களில் சுற்றுலாக் காவல்துறை சாதாரண உடையில் சுற்றும். அதனால் போலி ஆசாமி உங்கள் பக்கத்தில் நடக்க மாட்டார். பத்தடி முன்னால், உங்களுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் நடப்பார். திருப்பம் வந்தால் மட்டும் லேசாகத் திரும்பிப் பார்ப்பார். நீங்கள் வருகிறீர்களா என்று உறுதி செய்துகொண்டு மறுபடி நடப்பார். முன்னால் போகிற ஒரு முதுகை நீங்கள் பின்தொடர்ந்து கொண்டிருப்பதாக உணர்ந்தால், அந்த இடத்திலேயே நில்லுங்கள். ஒரு கடைத் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள். அவர் போய்விடுவார்.

இன்னொரு தந்திரம் இதைவிட நைசானது. நீங்கள் யாரையும் கூப்பிடாமல், நீங்களே ஒரு கடையைப் பார்த்து உள்ளே நுழைகிறீர்கள். உங்கள் பின்னாலேயே முன்பின் தெரியாத ஒருவர் நுழைந்து கடைக்காரருக்கு சலாம் வைப்பார். அவ்வளவுதான். உங்களைக் கூட்டி வந்தது அவர் என்று கணக்கு. கடைக்காரருக்கும் தர்மசங்கடம், கொடுக்காவிட்டால் அடுத்த முறை ஆளைத் திருப்பிவிடுவார்கள். ஆகவே உள்ளே போனதும் முதல் வேலையாக, சத்தமாகவே சொல்லிவிடுங்கள்: “நான் தனியாக வந்தேன், இவர் யாரென்று எனக்குத் தெரியாது.” சில கடைக்காரர்களுக்கு நிஜமாகவே நிம்மதியாக இருக்கும்.

தோல் பதனிடும் இடத்துக்கு வருவோம். ஃபெஸில் ஷுவாரா, மராகேஷில் பாப் தெப்பாக் வாசல் பக்கம். சுண்ணாம்பும் புறா எச்சமும் கலந்த தொட்டிகளில் தோலை ஊறவைத்து மிதிக்கும் அந்தக் காட்சி, மூக்கைப் பிடித்துக்கொண்டாவது பார்க்கத் தகுந்ததுதான். ஆனால் “இன்னிக்கு மட்டும்தான் திறந்திருக்கும்”, “மலையிலிருந்து பெர்பர் மக்கள் வந்திருக்கும் சந்தை, நாளைக்கு இருக்காது” என்று யாராவது அவசரப்படுத்தினால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். தொழில் வாரம் முழுக்க நடக்கிறது. வாசலில் நாற்றத்துக்கு மாற்றாகக் கையில் ஒரு கொத்துப் புதினாவைத் திணிப்பார்கள், இலவசம் என்பார்கள். வெளியே வரும்போது அதே இலவசத்துக்குக் கூலி கேட்டு ஒருவர், சுற்றிக் காட்டியதற்கு இன்னொருவர், இங்கே கூட்டி வந்ததற்கு மூன்றாமவர் என்று சூழ்ந்துகொள்வார்கள். குரல் உயரும். சந்து குறுகல். குழந்தைகளோடு போயிருக்கிறவர்கள் பயந்துபோய்க் கேட்டதைக் கொடுத்துவிட்டு வருவது அங்கே அன்றாடம். ஃபெஸில் தொட்டிகளைப் பார்க்கும் மாடிகள் எல்லாம் தோல் கடைகளின் மாடிகள். படியேறினால் கடை வழியாகத்தான் இறங்க வேண்டும். பார்க்க வேண்டுமென்றால் ஒரு சிறு தொகையை முன்கூட்டியே பேசி, அதை மட்டும் கையில் தனியாக வைத்துக்கொண்டு ஏறுங்கள். பர்ஸைத் திறக்கவே வேண்டாம்.

இப்போது சாயக்காரர் வீதியில் நடக்கும் லைட்டர் வித்தை. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படித்தவர்கள்தான் இதில் அதிகம் விழுகிறார்கள்.

கடைக்காரர் ஒரு பளபளப்பான சால்வையை உதறி விரிப்பார். மயில் கழுத்து நிறம், கை வைத்தால் வழுக்கும். “இது சப்ரா. கற்றாழைப் பட்டு. எங்கள் பாலைவனத்துக் கற்றாழை நாரிலிருந்து கையால் எடுத்தது” என்பார். நீங்கள் சந்தேகமாகப் பார்ப்பீர்கள். அதற்காகவே காத்திருந்தவர்போல, ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி லைட்டரைப் பற்றவைப்பார். நூல் குப்பென்று எரியும். உருகாது, சொட்டாது. காகிதம் எரிந்த வாசனை. விரலால் தேய்த்தால் சாம்பல் மாவாக உதிரும். பக்கத்தில் ஒரு பாலியெஸ்டர் நூலையும் கொளுத்திக் காட்டுவார். அது சுருண்டு, கருகி, கெட்டியான உருண்டையாக நிற்கும். “பார்த்தீர்களா, பிளாஸ்டிக் இல்லை!”

உண்மைதான், பிளாஸ்டிக் இல்லை. ஆனால் கற்றாழையும் இல்லை. சூக் எனும் சந்தையில் சப்ரா என்று விற்பதில் பெரும்பகுதி ரேயான். மரக்கூழிலிருந்து தொழிற்சாலையில் எடுக்கிற நூல். ரேயானும் கற்றாழை நாரும் இரண்டுமே செல்லுலோஸ் என்பதால் இரண்டும் காகிதம் மாதிரியேதான் எரியும். அந்தச் சோதனை நிரூபிப்பதெல்லாம் அது பாலியெஸ்டர் இல்லை என்பதை மட்டும்தான். அசல் கற்றாழை நார் கரகரப்பானது. கயிறு திரிக்க லாயக்கு, அப்படி வழுக்காது. ரேயான் சால்வை மோசமான பொருள் என்று நான் சொல்லவில்லை. நிறம் பிடித்திருந்தால் ரேயானுக்கு உரிய விலை கொடுத்து வாங்குங்கள். பட்டு விலை கொடுக்காதீர்கள். சால்வைக் குவியல்களில் இந்தியாவிலிருந்தே இறங்கியவையும் உண்டு. கடல் தாண்டிப் போய் நம் சரக்கையே பத்து மடங்கு விலைக்கு வாங்கி வந்து சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தால் அவர்கள் சும்மா விட மாட்டார்கள்.

கம்பளத்துக்கும் இதே லைட்டர் வரும். கம்பளத்தின் மேல் தீயைக் காட்டுவார், பற்றிக்கொள்ளாது. அது கம்பளி என்பதற்குச் சாட்சி. கையால் நெய்தது, இயற்கைச் சாயம், எண்பது வயசுப் பழசு என்கிற மற்ற மூன்றுக்கும் அது சாட்சி ஆகாது. புதுக் கம்பளத்தை வெயிலில் மாதக்கணக்கில் காயப்போட்டு, ரசாயனத்தில் அலசிப் ‘பழசாக்குவது’ ஒரு தனித் தொழிலாகவே நடக்கிறது. பெனி உராயின் என்றால் நடு அட்லஸ் மலையின் ஒரு குறிப்பிட்ட மக்கள் கூட்டத்தார் நெய்வது. இன்று வெள்ளையில் கறுப்புக் கோடு போட்ட எந்த விரிப்புக்கும் அந்தப் பெயரை ஒட்டிவிடுகிறார்கள். அதே பாணியில் நம் உத்தரப் பிரதேசத்துப் பதோஹியிலேயே நெய்து உலகம் முழுக்க ஏற்றுமதி செய்கிறார்கள் என்பது உபரித் தகவல்.

சரி, கம்பள மாளிகைக்குள் என்ன நடக்கும்? பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டாருக்கு நடக்கிற உபசாரம் நடக்கும். மெத்தை, புதினா டீ, குடும்ப நலம். “வாங்க வேண்டாம், சும்மா பாருங்கள், பார்க்கக் காசில்லை.” இரண்டு பையன்கள் கம்பளங்களைத் தோளில் தூக்கி வந்து ஒவ்வொன்றாக உதறி விரிப்பார்கள். முப்பது, நாற்பது விரிந்து தரையே தெரியாமல் போகும். இதற்குள் உங்கள் கைடு காணாமல் போயிருப்பார், அதைக் கவனியுங்கள். தொழுகைக்கு, போன் பேச, எதற்காவது. அவர் கண்ணெதிரே இருந்தால் நீங்கள் “போகலாமா?” என்று கேட்டுவிடுவீர்களே! வியர்க்க வியர்க்கத் தூக்கிய பையன்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அந்தப் பாவம்தான் அவர்களின் மூலதனம். பிறகு ஒரு தாளும் பேனாவும் வரும். “என் விலையை விடுங்கள், உங்கள் மனசுக்குத் தோன்றும் விலையை எழுதுங்கள்.” எழுதாதீர்கள்! பேனாவைத் தொடவே தொடாதீர்கள். அந்தச் சந்தை வழக்கப்படி நீங்களாக ஒரு விலை சொல்லி அவர் சரி என்றுவிட்டால் வியாபாரம் முடிந்தது. பின்வாங்கினால் மரியாதைக் குறைவு, சண்டை. டீ குடித்ததற்காக யாரும் கம்பளம் வாங்கியாக வேண்டியதில்லை. எழுந்து, “லா, ஷுக்ரன்” (வேண்டாம், நன்றி) என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிடலாம்.

பிடித்துத்தான் போயிற்று, வாங்கியே தீர்வேன் என்றால் புரட்டிப் பின்பக்கத்தைப் பாருங்கள். கை முடிச்சு என்றால் ஒழுங்கின்மை தெரியும், மெஷின் என்றால் கோடு கிழித்ததுபோல் இருக்கும். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து ஓரத்தில் அழுத்தித் தேயுங்கள். சிவப்பு ஒட்டினால் உங்கள் வீட்டுத் தரையிலும் ஒட்டும். பார்சலில் அனுப்புகிறேன் என்பதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். பார்த்தது ஒன்று, வந்தது வேறு என்ற புலம்பல் பல நாட்டுப் பயணிகளிடமும் உண்டு. பெரிய கம்பளத்தைக்கூடக் கட்டித் தலையணை அளவுக்குச் சுருக்குவதில் அவர்கள் கில்லாடிகள். கையோடு எடுத்து வாருங்கள். அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் பின்பக்கம் உங்கள் கையெழுத்தைப் போட்டு, போட்டோ எடுத்து, ரசீதில் நீளம், அகலம், மூலப்பொருள் எழுதி வாங்குங்கள்.

மராகேஷிலிருந்து எஸ்ஸவீரா போகும் சாலையில் கார் தானாக நிற்கும். மரத்தின் மேல் ஆடுகள்! ஆர்கன் மரத்தில் ஆடு ஏறி மேய்வது நிஜம். ஆனால் சாலையோரத்தில், போட்டோவுக்குத் தோதாக, கிளைக்கொன்றாக அசையாமல் நிற்கிறதே, அதில் பல, ஆட்கள் தூக்கி ஏற்றி நிறுத்தியவை. கட்டிப்போட்டவையும் உண்டு. பாவம், அதுகளுக்கும் இது வேலைநேரம். அடுத்த நிறுத்தம், ஆர்கன் எண்ணெய் விற்கும் ‘பெண்கள் கூட்டுறவு சங்கம்’. இங்கேதான் மனசு இளகும், உஷார். உண்மையான சங்கங்கள் இருக்கின்றன. 1990-களில் ரபாத் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் ஸுபைதா ஷரூஃப் முன்கை எடுத்துத் தொடங்கிய முயற்சி, ஏழைப் பெண்கள் பலருக்குச் சொந்த வருமானம் தந்தது. அந்த நல்ல பெயரைத் திருடித்தான் நெடுஞ்சாலைக் கடைகள் பிழைக்கின்றன. வாசலில் நாலு பெண்களை உட்காரவைத்துக் கொட்டை உடைக்கச் சொல்வார்கள், பின்னால் தனியார் முதலாளியின் கல்லாப்பெட்டி. ஒரு லிட்டர் ஆர்கன் எண்ணெய்க்கு 30 கிலோவுக்கு மேல் பழம் வேண்டும். கையால் செய்தால் ஒரு முழுநாள் உழைப்பும் போதாது. அப்படியிருக்க, தண்ணீர் பாட்டிலில் அடைத்து மலிவாகக் கிடைத்தால் அதில் ஆர்கனைவிட சூரியகாந்தி எண்ணெய் அதிகம் இருக்கும் என்று யூகிக்கப் பேராசிரியர் தேவையில்லை. சங்கத்தின் பதிவு விவரம், தயாரித்த தேதி, முகவரி அச்சிட்ட லேபிள் இல்லாத பாட்டிலைத் தொடாதீர்கள்.

மசாலாக் கடையில் குங்குமப்பூ என்று நீட்டுவது பல நேரம் குசும்பாப்பூ. நாலு இழையை வெதுவெதுப்பான தண்ணீரில் போடச் சொல்லுங்கள். அசல் என்றால் தண்ணீர் மெல்ல மஞ்சளாகும், இழை சிவப்பாகவே கிடக்கும். போட்ட உடனே தண்ணீர் சிவந்தால் சாயம். பொடியாக விற்பதை வாங்கவே வாங்காதீர்கள். பெர்பர் வெள்ளி என்பதில் பாதி, நிக்கல் கலந்த உலோகம். ஆம்பர் மணிகளில் பிசினும் பிளாஸ்டிக்கும் தாராளம். மைதானத்தில் கையைப் பிடித்து இழுத்து மருதாணி வைக்க வருவார்கள். கறுப்பு மருதாணி என்றால் கையை உருவிக்கொண்டு ஓடுங்கள். அதில் கலக்கும் தலைச்சாய ரசாயனத்தால் தோல் வெந்து கொப்புளித்தவர்கள் உண்டு. குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

தாஜின் சட்டி விஷயத்தில் நம் வீட்டுச் சமையலுக்குத் தனி எச்சரிக்கை. பூ வேலையும் உலோகக் கம்பி வேலையும் செய்த வண்ணத் தாஜின் அலமாரியில் வைக்கத்தான். பழைய முறை மெருகில் ஈயம் கலப்பது உண்டு. புளிப்பு பட்டால் ஈயம் உணவில் இறங்கும். அங்கே எலுமிச்சை ஊறுகாய் என்றால் இங்கே புளிக்குழம்பும் தக்காளி ரசமும்! கைடு “அடுப்பில் வைக்கலாம், ஒன்றும் ஆகாது” என்று சத்தியம் செய்தாலும் நம்பி வைக்காதீர்கள்.

பணம் கைமாறும் நேரம்தான் கடைசிக் கண்ணி. “நானூறு” என்று கைகுலுக்கியிருப்பீர்கள், நீங்கள் நினைத்தது திர்ஹாம், பில்லில் ஏறுவது யூரோ. பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். பேரம் தொடங்கும்போதே ‘திர்ஹாம்’ என்று சொல்லச் சொல்லி, தாளில் எழுதவைத்துப் பேசுங்கள். கார்டு மெஷினில் பூஜ்யங்களை எண்ணிவிட்டு ரகசிய எண்ணை அழுத்துங்கள். ரூபாயிலா திர்ஹாமிலா என்று மெஷின் கேட்டால் திர்ஹாம்தான். கார்டு உங்கள் கண்ணை விட்டு உள்ளறைக்குப் போகக் கூடாது.

இவ்வளவு சொன்னதால் கைடே வேண்டாம் என்று அர்த்தமில்லை. ஃபெஸின் பழைய நகரம் யுனெஸ்கோ 1981-லேயே உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இடம். அந்த வளைவு நெளிவுகளில் வரலாறு தெரிந்த ஒருவர் கூட வருவது பாக்கியம். அட்டை உள்ள கைடை, அரை நாளுக்கு இவ்வளவு என்று கூலி பேசி அமர்த்துங்கள். “கடைக்குப் போகக் கூடாது, பார்க்க மட்டும்தான்” என்று வாட்ஸ்அப்பிலேயே எழுதி ஒப்புதல் வாங்குங்கள். ஷாப்பிங்குக்கென்றே கூட வரும் ஆட்களும் இருக்கிறார்கள், கூலியை வெளிப்படையாகச் சொல்லி, கமிஷன் வாங்க மாட்டேன் என்று எழுத்தில் தருகிற ஆளாக இருந்தால் கொடுக்கும் காசு வீண் போகாது. கமிஷன் வாங்குவீர்களா என்ற கேள்விக்கு மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள். மழுப்பாமல் “ஆமாம், வாங்குவேன்” என்று சொல்கிறவரைக்கூட நான் மதிப்பேன்.

வாங்குவதற்குத் தனியாகப் போங்கள். அதற்கு முன்னால் அரசு கைவினை வளாகத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிடுங்கள். மராகேஷில் அது குதுபிய்யா பள்ளிவாசலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஐந்தாம் முகமது அவென்யூவில் இருக்கிறது. பெரும்பாலும் நிர்ணய விலை, தொல்லை இல்லை. சூக்கைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தாலும் எது என்ன விலை என்று மனதில் ஒரு அளவுகோல் உட்காரும். பிறகு சத்தம் கேட்கிற இடத்துக்குப் போங்கள். ஃபெஸின் ஸஃபாரீன் சதுக்கத்தில் செம்பைத் தட்டுகிறவர்கள், மராகேஷின் ஹத்தாதீன் வீதியில் இரும்பு அடிக்கிறவர்கள், எஸ்ஸவீராவில் துயா மரத்தைக் கடைகிறவர்கள். செய்கிறவரிடமே வாங்கினால் நடுவில் ஆளே இல்லை. அங்கே பேரம் பேசுங்கள், ஆனால் அடித்துப் பிடுங்காதீர்கள். வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் போகாதீர்கள். தொழுகைக்காகப் பல பட்டறைகள் மூடியிருக்கும், அன்று திறந்திருப்பதில் பாதி சுற்றுலாக் கடைதான்.

மாட்டிக்கொண்டுவிட்டால், வழியை மறித்துப் பணம் கேட்டால், பக்கத்தில் உள்ள கடைக்குள் நுழைந்து சத்தமாக “போலீஸ்” என்று சொல்லுங்கள். சுற்றுலாதான் அந்த நாட்டின் சோறு, காவல்துறை இதில் விளையாடுவதில்லை என்பது ஆசாமிகளுக்கு நன்றாகத் தெரியும். மொராக்கோ நகரங்களில் காவல்துறையின் எண் 19. விமானம் ஏறுவதற்கு முன்பே, கூட வருகிற எல்லோருடைய போனிலும் பதிந்துவிடுங்கள்.